படகுக்காரர் கோசன் சொன்னதாக

கோசன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. பழைய ரைன் ஆற்றில் எங்கள் ஊரிலிருந்து உட்ரெக்ட் நகரத்துக்குப் போகும் இழுவைப் படகு அவனுடைய பொறுப்பு. கரையில் குதிரை கயிற்றை இழுத்துக்கொண்டு நடக்கும், படகு அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும், கோசன் சுக்கானைப் பிடித்தபடி பேசிக்கொண்டே வருவான். அவனுக்கு முன்னால் மெத்தை போட்ட சின்ன அறை ஒன்று இருக்கிறது, வசதியுள்ளவர்களுக்கு. அதற்கும் முன்னால் நீளமான மரக்கூரைக்குக் கீழே மற்ற எல்லோரும். அறையின் ஜன்னல் திறந்தே இருக்கும், அதனால் கோசன் சொல்வது இரண்டு பக்கமும் கேட்கும்.

படகில் ஏறியவன் இறங்கும்வரை வேறென்ன செய்வான். குழாயில் புகை பிடிப்பான், கம்பு ரொட்டியில் சீஸை வைத்துத் தின்பான், வம்பளப்பான். நகர மன்றத்துப் பெரிய மனிதர்கள், பாதிரியார், மாமியார், இளவரசர் எல்லோரும் கோசனின் வாயில் விழுந்து எழுந்து போவார்கள். அதற்காக யாரும் அவனிடம் கோபித்துக்கொண்டதில்லை. படகில் பேசியது படகோடு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். துறையில் கால் வைத்தபின் யாரும் யாரையும் அதை வைத்து மடக்கக் கூடாது. எங்கள் ஊரில் எழுதப்படாமலே நடந்துவந்த ஒரே சட்டம் அதுதான்.

பிறகு பத்திரிகைகள் வந்தன. எங்கள் தகப்பன்மார் காலத்திலும் பத்திரிகை இருந்தது, அதில் சேதி இருந்தது. எந்தக் கப்பல் கரை சேர்ந்தது, எந்த ராஜா யாரோடு சண்டை, எங்கே கரை உடைந்தது என்று போட்டிருப்பான். படித்துவிட்டு மீன் மடிக்கக் கொடுத்துவிடலாம். இந்த ஆயிரத்து எழுநூற்று எண்பதுகளில் முளைத்த வாரப் பத்திரிகைகளில் சேதி மருந்துக்கும் கிடையாது. முழுக்க முழுக்கக் கருத்து. யார் ஆளவேண்டும், யார் துரோகி, யார் யாருக்குக் கைக்கூலி, இவ்வளவுதான். எழுதியவன் பெயர் எங்கேயும் இருக்காது. 'ஒரு நேர்மையான விவசாயி எழுதுகிறார்', 'ஒரு விதவையின் கண்ணீர்க் கடிதம்' என்று பக்கம் பக்கமாக வரும். விவசாயியும் விதவையும் ஒரே காபிக் கடையில் ஒரே மேஜையில் ஒரே மைக்கூட்டைத் தொட்டு எழுதிய ஒரே ஆள்தான் என்பது பிற்பாடுதான் எங்களுக்கு விளங்கியது. விளங்கியபோது எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் பழகியும் போயிருந்தது.

அந்த மேஜைக்காரரின் பெயர் பெல்குரோம். நான் அவரை 'அவர்' என்று சொல்வது சட்டம் படித்தவர் என்பதற்காக மட்டும். வழக்கு எதுவும் அவரைத் தேடி வரவில்லை. உட்ரெக்டில் அச்சாகிவந்த 'விழித்த குடிமகன்' என்ற வாரப் பத்திரிகைக்கு அவர் எழுதிக்கொடுத்தார். அது தேசபக்தர் கட்சிப் பத்திரிகை, நாட்டை ஆண்டுவந்த இளவரசருக்கு எதிர். வாரத்தில் ஒருமுறையாவது கோசனின் படகில் மெத்தை அறையில் வந்து உட்காருவார், ஜன்னலோரத்தில். நன்றாகச் சிரிப்பார். கோசனுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம். தன் பேச்சுக்குச் சிரிக்கிறவனை யாருக்குத்தான் பிடிக்காது.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பத்திரிகையில் 'படகுப் பேச்சு' என்று ஒரு பகுதி வந்தது. ஒரு வணிகர், ஒரு பாதிரியார், படகுக்காரர் கோசன் மூன்று பேரும் பேசிக்கொள்வதுபோல் எழுதியிருந்தது. நகர மன்றத்தைப் பற்றி கோசன் உண்மையாகவே அடித்த கேலி ஒன்று அப்படியே இருந்தது. அதன் கீழே அவன் சொல்லாத இரண்டு மூன்று சொற்கள் இருந்தன, ஆனால் நன்றாகத்தான் இருந்தன. அவன் மனைவி மெட்யே அந்தத் தாளை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

"என் புருஷன் அச்சுல வந்துட்டாரு. இனி வீட்லயாவது கொஞ்சம் வாய மூடுவாருன்னு பாக்கறேன்" என்றாள் அவள்.

"அச்சுல வந்த வாய மூடச் சொல்றியே, நாடு தாங்குமா?" என்றான் கோசன்.

வாரா வாரம் படகுப் பேச்சு வந்தது. அதற்கென்றே அவன் படகில் ஆட்கள் ஏறினார்கள். துறையில் நின்று 'அந்தக் கோசன் நீங்கதானா' என்று கேட்டார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகைக் கோசன் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை விட்டுவிட்டு முழங்க ஆரம்பித்திருந்தான். சுதந்திரம், உரிமை, நுகத்தடி என்றெல்லாம் பேசினான். நுகத்தடி என்ற சொல்லை நம் கோசன் தன் வாழ்நாளில் சொன்னதில்லை, ஆனாலும் கேட்கக் கம்பீரமாக இருந்தது என்று விட்டுவிட்டான்.

ஆயிரத்து எழுநூற்று எண்பத்தாறில் தேசபக்தர்களின் கை எங்கள் ஊரிலும் ஓங்கியது. சந்தைத் திடலில் அவர்கள் துப்பாக்கிப் பயிற்சி செய்தார்கள். இளவரசரின் நிறம் ஆரஞ்சு என்பதால் ஊருக்குள் ஆரஞ்சு நிறமே ஆகாது என்றார்கள். தொப்பியில் கூடாது, குழந்தையின் கிலுகிலுப்பையில் கூடாது. காரட் விற்கிற பெண்கள் காரட்டை இலைப் பக்கம் வெளியே தெரியும்படி அடுக்க வேண்டும், கிழங்குப் பக்கம் தெரிந்தால் கூடை கால்வாய்க்குப் போகும். நான் கதை விடவில்லை, படித்த மனிதர்கள் துப்பாக்கியோடு நின்று காரட்டைத் திருப்பி வைத்தார்கள்.

கோசனுக்கு இது போதாதா. அன்றைக்குப் படகு முழுக்க அந்தக் காரட் பேச்சுதான்.

"காரட்ட மறைச்சுட்டாங்க சரி. எங்க பேலியாக்காவோட நாடாவ என்ன பண்ணுவாங்க?" என்றான் அவன்.

பேலியா ஊர் மருத்துவச்சி, நகர மன்றம் வைத்த மருத்துவச்சி, கோசனுக்கு எதிர்வீடு. அவள் வாசலில் தொட்டில் குழந்தை வரைந்த பலகை தொங்கும். எங்கள் தெருவில் நடமாடுகிறவர்களில் பாதிப் பேரை உலகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். பிள்ளை பிறந்த வீட்டில் திராட்சை மதுவும் முட்டையும் கிராம்பும் போட்டுக் கண்டேல் என்ற பானம் காய்ச்சி, பார்க்க வருகிறவர்களுக்குக் கோப்பையில் கொடுப்பது எங்கள் வழக்கம். அதைக் கலக்க ஒரு லவங்கப்பட்டைக் குச்சி, குச்சியின் தலையில் ஒரு நாடா. ஆண் பிள்ளைக்கு நீளக் குச்சி, பெண் பிள்ளைக்குக் குட்டை. குச்சியும் நாடாவும் பேலியா கொண்டுவருவாள். எல்லா வீட்டுக்கும் அதே நாடாதான். அவள் கல்யாணத்தில் கட்டிய சிவப்பு நாடா, துவைத்துத் துவைத்து வெளுத்து அசல் காரட் நிறத்துக்கு வந்திருந்தது.

"வெளுத்த செவப்புன்னு அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பயிற்சித் திடல்ல நிக்கிறவனுக்குத் தெரியுமா?" என்றான் கோசன். "தேசபக்தர் வீட்டுப் புள்ள கண்ணத் தொறந்ததும் மொதல்ல பாக்கறது இளவரசர் கலர்தான். அப்புறம் என்னத்த சுதந்திரம் வாங்கி."

படகு குலுங்கச் சிரித்தது. மெத்தை அறையில் பெல்குரோமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த வியாழக்கிழமை கோசனின் படகிலேயே ஒரு தோல் வியாபாரி பத்திரிகையைப் பிரித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான். படகுக்காரர் கோசன் பேசுகிறார் என்று போட்டிருந்தது. 'ஐயா, ஒரு தகப்பன் என்ற முறையில் என் நெஞ்சு பதறுகிறது. ஊர்ப் பணத்தில் வயிறு வளர்க்கும் ஒரு மருத்துவச்சி, சுதந்திரக் குடிமக்களின் பச்சிளங்குழந்தைகள் கண் திறந்த கணமே கொடுங்கோன்மையின் நிறத்தை அவர்கள்முன் ஆட்டுகிறாள். தெரிந்தே செய்கிறாள். அந்தக் கைகளில் நம் பெண்களை இன்னும் எத்தனை காலம் ஒப்படைப்பது?'

கோசன் சுக்கானை விட்டுவிட்டுத் தாளைப் பார்க்கத் திரும்பினான். படகு கரையில் உரசி, முன்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"நான் இப்படிச் சொல்லல" என்றான் அவன்.

"நல்லாத்தானே சொல்லியிருக்கீங்க, படகுக்காரரே. இதுல என்ன அடக்கம்?" என்றான் தோல் வியாபாரி.

"போன வாரம் நீங்களும் இங்கதானே இருந்தீங்க? நான் சொன்னது வெளையாட்டு. வெளுத்த செவப்புன்னு சொன்னேனா இல்லையா?"

தோல் வியாபாரி யோசித்துப் பார்த்தான். "நாடாவப் பத்தி ஏதோ சொன்னீங்க. ஞாபகம் இருக்கு" என்றான்.

அந்த வாரமே மருத்துவச்சி வேலை போயிற்று. துப்பாக்கிக்காரர்கள் வந்து தொட்டில் படம் போட்ட பலகையைக் கழற்றினார்கள். ஊருக்குள் இனி பிரசவம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. நாடாவைக் கொண்டுவரச் சொல்லி வாசலிலேயே கொளுத்தினார்கள், அது ஈரமாக இருந்ததால் சரியாக எரியவில்லை. பேலியா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். தெருவே நின்று பார்த்தது. அவர்கள் போனபின் கோசன் தெருவைக் கடந்து அவளிடம் போனான்.

"அக்கா, நான் அப்படிச் சொல்லல. படகுல ஏதோ கேலிக்குப் பேசினேன். அந்த ஆளு கண் காது மூக்கு வச்சு எழுதிட்டான்."

பேலியா அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏதாவது ஒண்ணு சொல்லியிருப்ப, கோசன். ஒண்ணுமே சொல்லாமலா இவ்வளவு எழுதுவாங்க."

அந்த வார்த்தை கோசனைக் குத்தியது, ஏனென்றால் அது பாதி உண்மை. முப்பது வருஷம் எதிரெதிர் வீடு. அவன் மகள் லிஸ்பெட்டை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்த கை அந்தக் கை. லிஸ்பெட் இப்போது மாசமாக வேறு இருந்தாள். பேலியா தன்னை நம்பவேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. ஊர் என்ன நினைத்தாலும் போகட்டும், அவள் நம்பவேண்டும்.

மறுநாள் உட்ரெக்டில் படகைக் கட்டிவிட்டு, அந்த மேஜை இருந்த காபிக் கடைக்கு நேராகப் போனான். பெல்குரோம் அன்போடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க கோசன். ஊரே உங்களப் பத்திதான் பேசுது."

"எதுக்கு நான் பேசாததப் பேசினதா எழுதினீங்க?"

"பத்திரிகையில வர்ற கோசன் நீங்க இல்லையே" என்றார் பெல்குரோம், குழந்தைக்குச் சொல்வதுபோல. "அவரு மக்களோட குரல். உங்க பேரக் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கேன், அவ்வளவுதான்."

"அப்ப மக்களோட பேரப் போடுங்க. பேலியாவுக்கு வேலை போயிருச்சு. அந்த நாடா வெளுத்த செவப்பு, நான் அதையும் சேத்துத்தான் சொன்னேன்."

"வெளுத்த செவப்புன்னு போட்டா யாருக்குக் கோபம் வரும்?" அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். பிறகு கோசனின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி, வருத்தப்படாதீங்க. மறுப்பு போட்டுடலாம். உங்க பேர்லயே ஒரு கடிதம்."

கோசன் நன்றி சொல்லிவிட்டு வந்தான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, அவன் நன்றி சொன்னான்.

கடிதம் வந்தது. 'ஆசிரியர் அவர்களுக்கு, படகுக்காரர் கோசன் எழுதிக்கொள்வது. மருத்துவச்சியைப் பற்றி நான் சொன்ன உண்மைகளை மறுக்கும்படி இளவரசரின் கைக்கூலிகள் என் வாசலில் வந்து மிரட்டினார்கள். என் உயிரே போனாலும் ஒரு சொல்லையும் திரும்பப் பெறமாட்டேன்.' அன்று மாலை பேலியாவின் ஜன்னலில் கல் விழுந்தது. கோசன் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய தாளையெல்லாம் கத்தியால் சுரண்டினான். பசை விடவில்லை, சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. அதற்குப் பிறகு சந்தையில் ஹெர்ரிங் மீனை அந்தப் பத்திரிகையில் மடித்துக் கொடுத்தால் வாங்கமாட்டான். மீன்காரி சிரிப்பாள். அவனுக்கு அந்த மை வாடை பட்ட எதையும் வாயில் வைக்க முடியவில்லை.

லிஸ்பெட்டுக்கு வலி கண்டது அடுத்த வருஷம் மே மாதத்தில் ஒரு காலைவேளை. பேலியாவின் இடத்துக்கு நகர மன்றம் வெண்டலினா என்ற இளம்பெண்ணை வைத்திருந்தது. மன்றத்தில் யாருக்கோ உறவு என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் கெட்டவள் இல்லை, வேலைக்குப் பயந்தவளும் இல்லை. மத்தியானம்வரை பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"புள்ள கால் பக்கமா இருக்கு. என்னால திருப்ப முடியல. பேலியாக்காவக் கூப்பிடுங்க."

"அவங்க வரக் கூடாதுன்னு உத்தரவாச்சே" என்றாள் மெட்யே.

"உத்தரவு போட்டவங்க யாரும் இங்க படுத்திருக்கல. நான் வாயத் தொறக்க மாட்டேன், போய்க் கூப்பிடுங்க."

கோசன் பேலியாவின் கதவைத் தட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாயில் ஒன்றும் வரவில்லை. பேலியா அவன் முகத்தைப் பார்த்தாள், எதிர் வீட்டிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டாள், ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை இது அச்சுல வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அக்கா."

"தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். வந்தா என்னைய ஊர விட்டே தொரத்துவாங்க, அதுக்குள்ள துணிமணி கட்டி வைக்கணும்ல."

குழந்தை பிழைத்தது, லிஸ்பெட்டும் பிழைத்தாள். பேலியா சொல்லச் சொல்ல வெண்டலினா பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டாள், வேலை முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்டேல் காய்ச்சிய பானையைக் கொண்டுவந்து வைத்தபோது பேலியா வெறும் பட்டைக் குச்சியை, நீளக் குச்சியை, அதில் போட்டாள்.

"நாடா கட்டலை. நல்லா பாத்துக்கோ, கோசன்" என்றாள். "அப்புறம் எழுதறதுக்கு வசதியா இருக்கும்."

அவன் தாத்தா ஆன நாள் அது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான். பிள்ளையைக் கொடுத்துவிட்டு இப்படி ஒரு சொல்லையும் கொடுத்துவிட்டுப் போகிறாளே என்று அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது, ஆனால் அவளைக் கோபிக்கவும் முடியவில்லை.

செப்டம்பரில் எல்லாம் தலைகீழாகப் போயிற்று. இளவரசருக்காகப் பிரஷ்யப் படை எல்லை தாண்டி வந்தது. திடலில் துப்பாக்கி பிடித்த வீரர்கள் படை கண்ணில் படுமுன்னே ஓடிப்போனார்கள். மறுநாள் ஊர் முழுக்க ஆரஞ்சு. நேற்று தேசபக்தர்களின் கறுப்பு ரிப்பன் குத்தியவனெல்லாம் இன்று ஆரஞ்சு ரிப்பன் குத்திக்கொண்டான். சந்தையில் காரட் இப்போது கிழங்குப் பக்கம் முன்னால் தெரியும்படி அடுக்கப்பட்டது, இலை தெரிந்தால் கூடை கால்வாய்க்குப் போனது. கால்வாய் மட்டும் அதேதான்.

ஒரு கூட்டம் கோசன் வீட்டுக்கும் வந்தது. பத்திரிகைக் கோசனைத் தேடி வந்தார்கள், கிடைத்தது நம் கோசன். ஜன்னலை உடைத்தார்கள், படகின் மெத்தைகளைக் கிழித்து இறகைத் தண்ணீரில் கொட்டினார்கள். எதிர் வீட்டில் பேலியா ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டாள். அவள் பலகை அடுத்த நாளே திரும்பி வந்தது. வெண்டலினாவின் வேலை போயிற்று.

மெத்தையைத் தைத்துப் படகைத் திரும்ப ஓட்ட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே பெல்குரோம் வந்து சேர்ந்தார். தொப்பியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சுப் பூ. அவர் இப்போது 'ஒழுங்கின் நண்பன்' என்ற புதிய வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறார் என்று துறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எழுத்து நடை அதே நடை. தேசபக்தன் இருந்த இடத்தில் துரோகி என்று மாற்றிக்கொண்டால் போதும், மீதியை அச்சுக் கோப்பவன் பழைய பலகையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

"படகுக்காரரே, சௌக்கியமா? காலம் மாறிப்போச்சு பாத்தீங்களா" என்றார்.

ஊர்ப் படகில் இடத்துக்குப் பணம் கொடுத்தவனை ஏற்றமாட்டேன் என்று சொல்ல எந்தப் படகுக்காரனுக்கும் உரிமை இல்லை. கோசன் வழிவிட்டான். அவர் மெத்தை அறைக்குள் போனதும், கரையில் வரிசையில் நின்றவர்களிடம் வந்தான். அதில் பேலியாவும் நின்றாள், உட்ரெக்டில் தங்கையைப் பார்க்கப் போகிறவள்.

"உள்ள யாரு உக்காந்திருக்காருன்னு பாத்தீங்கல்ல" என்றான் தாழ்ந்த குரலில். "நாம பேசற ஒவ்வொண்ணும் அவருக்குச் சோறு. இன்னைக்குப் பட்டினி போடலாம். எறங்கற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேச வேணாம். எனக்காக."

எல்லோரும் ஏதோ ஒரு பக்கத்திலாவது சூடு பட்டவர்கள். தலையாட்டிவிட்டு ஏறினார்கள்.

எங்கள் நாட்டு இழுவைப் படகு சரித்திரத்தில் அப்படி ஒரு பயணம் இருந்திருக்காது. குதிரையின் மணிச் சத்தம் கேட்டது, தண்ணீர் பலகையில் தட்டுவது கேட்டது, ஒரு கிழவரின் இருமல் கேட்டது. பெல்குரோம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"என்ன கோசன், பேச்சே காணோம்? பிரஷ்யாக்காரங்களப் பத்தி என்ன நெனைக்கறீங்க?"

கோசன் சுக்கானைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேலியாம்மா, நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்கு நடந்தது அநியாயம் இல்லையா? உங்க எடத்துல வந்து உக்காந்தவளப் பத்தி என்ன சொல்றீங்க?"

பேலியா பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். பெல்குரோம் எல்லோருக்கும் புகையிலை நீட்டிப் பார்த்தார், காரட் விஷயத்தைக் கிளறிப் பார்த்தார், தானே சொல்லித் தானே சிரித்தும் பார்த்தார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கடைசியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது, எச்சில் அந்த ஆரஞ்சுப் பூவின் இதழ்வரை வழிந்தது. கோசன் அதைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பினான். ஆனாலும் அவனுக்கு உள்ளே குளிர்ந்தது. ஒரு வருஷத்துக்குமேல் கழித்து அவன் வாய் அவனுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

உட்ரெக்டில் இறங்கும்போது பேலியா அவன் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜன்னலைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் இறங்கிப் போனாள். அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் 'ஒழுங்கின் நண்பன்' வந்தது. படகுப் பேச்சு இரண்டு பக்கம்.

பேலியா தெருவைக் கடந்து, தட்டாமலே கோசன் வீட்டுக்குள் வந்தாள். கையில் அந்தத் தாள் கசங்கியிருந்தது. அதில் படகுக்காரர் கோசன், கயவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டதாகக் கண்ணீர் விட்டு இளவரசரை வாழ்த்தியிருந்தார். மருத்துவச்சி பேலியா அவரைத் தேற்றியிருந்தாள். தேற்றிவிட்டு, 'என் இடத்தைப் பறித்த அந்த வெண்டலினா, இளவரசரை நேசிக்கும் குடும்பங்களின் சிசுக்களில் எத்தனை பேரை வேண்டுமென்றே சாகவிட்டாளோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்' என்று சொல்லியிருந்தாள்.

"நான் எதுவும் சொல்லல, கோசன்" என்றாள் பேலியா.

"தெரியும்க்கா. நான் அங்கதானே நின்னேன்."

"நீயும் வாயே தொறக்கல. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்." அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்ப அன்னைக்கும்..." என்று ஆரம்பித்து அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் அவன் இத்தனை நாள் காத்திருந்தான். வந்தபோது அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

"வெண்டலினா வீட்டுக் கதவ ஒடச்சுட்டாங்களாம். அவ மேல சாக்கடைய வாரி ஊத்தினாங்களாம்" என்றாள் பேலியா. "அன்னைக்கு லிஸ்பெட்டுக்காக என்னக் கூப்பிடச் சொன்னதே அந்தப் பொண்ணுதான். எந்திரி, போய்ச் சொல்லிட்டு வரலாம்."

இரண்டு பேரும் போனார்கள். வெண்டலினாவின் வாசலில் சாக்கடை நாற்றம் இன்னும் போகவில்லை. உடைந்த கதவுக்குப் பின்னால் அலமாரியை நகர்த்தி வைத்திருந்தாள். இடுக்கில் அவள் கண் தெரிந்தது.

"வெண்டலினா, நான் பேலியா. அந்தத் தாள்ல வந்தது நான் சொன்னதில்லம்மா. அன்னைக்குப் படகுல யாருமே ஒரு வார்த்தைகூடப் பேசல. இவனக் கேளு."

"சத்தியமாப் பேசல" என்றான் கோசன்.

இடுக்கில் இருந்த கண் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. அதில் கோபம்கூட இல்லை.

"நீங்க ஏதாவது ஒண்ணு சொல்லியிருப்பீங்க, அக்கா" என்றாள் வெண்டலினா உள்ளேயிருந்து. "ஒண்ணுமே சொல்லாமலா இவ்வளவு எழுதுவாங்க."